விரிவுரையாளர் பிரதமரானார்: வாக்குறுதிகள் என்னவாயின?

இலங்கைப் பிரதமர் ஹரிணி அமரசூரிய 2025 அக்டோபரில் புது தில்லிக்கு வந்தபோது, தாம் இளங்கலை பயின்ற இந்து கல்லூரிக்கும் சென்றார். பழைய மாணவி ஒருவர் பிரதமராகத் திரும்பி வந்த அந்தக் காட்சியை முதலாளித்துவ ஏடுகள் மகிழ்ந்து வெளியிட்டன. நாராயணவனத்தில் எங்கள் கிளைக் கூட்டத்திலும் அது பேச்சாயிற்று. விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "படித்தவர், பெண், இடதுசாரி. மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது நாம் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா, தோழர்? குறை சொல்வதை வலதுசாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?"

நம் அணிகளில் பலரது மனத்திலும் இருக்கும் கேள்வி இது. நேர்மையான கேள்வியும்கூட. ஆனால், அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஓர் ஆட்சியாளரின் கல்வியையும் பாலினத்தையும் கட்சிப் பெயரையும் அவரது ஆட்சியின் வர்க்கத் தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதே அந்தப் பிழை. ஹரிணியை மதிக்கிறோம் என்றால், அவர் விரிவுரையாளராக இருந்தபோது எழுப்பிய கோரிக்கைகளைக் கொண்டே பிரதமர் ஹரிணியை அளக்க வேண்டும்.

முதலில் அவருக்கு உரியதை அவருக்கு அளிப்போம். 1970இல் காலியில் பிறந்த அவர் கல்லூரி வயதை எட்டியபோது, மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சியும் அதை ஒடுக்க அரசு நடத்திய படுகொலைகளும் இலங்கைப் பல்கலைக்கழகங்களை மூடவைத்திருந்தன. அதனால்தான் அவர் உதவித்தொகை பெற்றுத் தில்லிக்கு வந்து சமூகவியல் கற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவில் முதுகலையும் எடின்பரோவில் சமூக மானிடவியலில் முனைவர் பட்டமும் பெற்று, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முதுநிலை விரிவுரையாளரானார். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. வகுப்பறையை விட்டுத் தெருவுக்கு வந்த அந்த ஆசிரியர்களுள் அவரும் ஒருவர்.

2020இல் தேசிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் புகுந்தார். அப்போது அக்கூட்டணிக்கு 225 இடங்களில் கிடைத்தவை 3 மட்டுமே. 2024 செப்டம்பர் 24இல் பிரதமரானார். நவம்பர் 14 பொதுத்தேர்தலில் கூட்டணி 159 இடங்களைப் பெற, கொழும்பு மாவட்டத்தில் அவருக்கு விழுந்த விருப்பு வாக்குகள் 6,55,289. இலங்கைத் தேர்தல் வரலாற்றில் அதற்குமுன் எவரும் இத்தனை விருப்பு வாக்குகள் பெற்றதில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க, சந்திரிகா குமாரதுங்க ஆகியோருக்குப் பின் அவர் மூன்றாவது பெண் பிரதமர். குடும்ப வாரிசாக அல்லாமல் அப்பதவிக்கு வந்த முதல் பெண். இதைச் சிறுமைப்படுத்துவோருடன் நமக்கு எந்த உறவும் இல்லை.

ஆயினும், பெண் என்பதும் கற்றவர் என்பதும் எதற்கு உறுதியளிக்கும்? இலங்கை வரலாறே விடை வைத்திருக்கிறது. உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ. 1964 அக்டோபரில் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மக்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து பறித்த பெண்களிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர் பெண் என்பதால் அவர்களின் கண்ணீர் குறைந்ததா? அந்த ஒப்பந்தத்தின் மக்களை நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் சந்திக்கலாம்.

அடுத்து, கற்றவரின் கதை. லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, லண்டனில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். நாவன்மையும் சட்டப் புலமையும் மிக்கவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக இருக்கும், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் அவரே. பதினாறு ஆண்டுகள் கழித்து, கூட்டணி அமைச்சராக 1972 அரசமைப்பை வடித்தவரும் அவரே. அந்த அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது; சிறுபான்மையினருக்கு இருந்த பழைய 29ஆவது பிரிவின் பாதுகாப்பைக் கைவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சியும் அக்கூட்டணியில் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எச்சரித்த அறிவும் எழுதிக் கொடுத்த கையும் ஒரே மனிதருடையவை. அவருக்கு இல்லாமற்போனது படிப்பு அன்று. பேரினவாத வாக்குவங்கியை எதிர்த்து நிற்கும் அரசியல் உறுதியே இல்லாமற்போனது.

இனி இன்றைய ஆட்சிக்கு வருவோம். கல்வித்துறை ஹரிணியின் பொறுப்பிலேயே உள்ளது. 6 விழுக்காட்டுக்காகப் போராடியவர் இன்று அத்துறையின் அமைச்சர். ஒதுக்கீடோ அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. காரணம் வெளிப்படையானது. 2023 மார்ச்சில் ரணில் விக்கிரமசிங்க ஆட்சி சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் ஏற்பாட்டை இந்த ஆட்சியும் தொடர்கிறது. 2025 முதல் உள்நாட்டு உற்பத்தியில் 2.3 விழுக்காட்டை முதன்மை உபரியாகக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கடன்காரர்களுக்கு உபரி காட்டும் கை, பள்ளிக்கூடத்துக்கு எப்படி நீளும்? கடன் ஏற்பாட்டை மறுபேச்சுக்கு உட்படுத்துவோம் என்று மேடைகளில் முழங்கியவர்கள் அதன் நம்பகமான நிர்வாகிகளாகிவிட்டார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1979இல் தற்காலிகச் சட்டமாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அது, முதலில் தமிழ் இளைஞர்களையும் பின்னர் முஸ்லிம்களையும் போராடும் சிங்கள மாணவர்களையும் விசாரணையின்றிச் சிறையிட உதவியது. அதை ஒழிப்பது தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் வாக்குறுதி. ஆட்சிக்கு வந்து ஓராண்டு கடந்த பின்னும் சட்டம் உயிரோடு இருக்கிறது. அதனிடத்தில் இன்னொரு பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தை வைப்பதற்கான வேலை நடக்கிறது. உபா சட்டத்தின்கீழ் சிறைப்பட்டுப் பிணையின்றி 2021இல் உயிர்நீத்த திருச்சி மண்ணின் ஸ்டேன் சுவாமியை நாம் அறிவோம். பெயர் மாறிய ஒடுக்குமுறைச் சட்டம் எப்படி இருக்கும் என்பதை இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. தடாவும் பொடாவும் உபாவும் நாம் பார்த்தவைதாமே.

தோட்டத் தொழிலாளர் கூலியில் ஒரு நகர்வு உண்டு. நாட்கூலி 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆகவும், வருகைக்கு ஊக்கத்தொகையாக நாளுக்கு 200 ரூபாயும் 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டன. இதை வரவேற்கலாம். ஆனால் அந்த 200 ரூபாயைத் தருவது யார்? அரசு கருவூலம். தேயிலை ஏற்றுமதியில் இலாபம் பார்க்கும் தோட்டக் கம்பெனிகளின் பையிலிருந்து எடுக்க வேண்டிய பணத்தை மக்களின் வரிப்பணத்திலிருந்து எடுப்பதை இடதுசாரிக் கொள்கை என்று எப்படி அழைப்பது? உழைப்பாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று முதலாளியின் பங்கையும் அரசே செலுத்துகிறது.

அதிகாரப் பகிர்வில் நிலைமை இன்னும் மோசம். வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013இல். அதன்பின் நடக்கவேயில்லை. இங்கே கூட்டணித் தலைமைக் கட்சியின் பழைய சுமையும் சேர்கிறது. மலையகத் தமிழரை 'இந்திய விரிவாதிக்கத்தின்' கருவியாகச் சித்திரித்த வகுப்புகளில் வளர்ந்த கட்சி மக்கள் விடுதலை முன்னணி. 2006இல் உச்ச நீதிமன்றம் சென்று வடக்கு-கிழக்கு இணைப்பைச் செல்லாததாக்கியதும் அக்கட்சியே. அந்தக் கடந்த காலத்தைப் பற்றி வெளிப்படையான தன்விமர்சனம் வேண்டும் என்று கேட்பது பகைமை ஆகாது. சமூக மானிடவியல் கற்ற ஒருவர் பிரதமராக இருக்கும் ஆட்சியிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

தோழர்கள் சிலர் மறுப்பார்கள். "ஓராண்டில் எல்லாம் ஆகுமா? கஜானா காலியாக இருந்ததே! ராஜபக்சக்கள் காத்திருக்கிறார்களே!" கஜானா காலியாக இருந்தது உண்மை. ஆனால், ஓர் ஒடுக்குமுறைச் சட்டத்தை நீக்க டாலர் தேவையில்லை. மாகாணத் தேர்தல் நடத்த நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கும் ஆட்சிக்கு அங்கே தடை எதுவுமில்லை. ராஜபக்சக்கள் திரும்பக் கூடாது என்பதற்காகவேதான் பேச வேண்டும். ஏமாந்த மக்கள் இடப்பக்கம் செல்ல வழியின்றி நிற்கும்போதுதான் வலதுசாரி அவர்களை அழைத்துக்கொண்டு போகிறான்.

இன்னொரு பக்கத்திலிருந்து தமிழினவாதிகள் வருவார்கள்: "சிங்களவர் அனைவரும் ஒன்றே; இதில் இடதென்ன, வலதென்ன?" இவர்களுக்கு யாழ்ப்பாணமே பதில் சொல்லிவிட்டது. 2024 பொதுத்தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 இடங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. நுவரெலியாவில் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்று மலையகத்தின் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களாயினர். சொந்தத் தலைமைகளிடம் சலித்துப்போன தமிழ் உழைப்பாளிகள் கொழும்பை நோக்கி நீட்டிய கை அது. அந்தக் கையைப் பற்ற வேண்டிய பொறுப்பு ஹரிணியின் ஆட்சிக்கு உண்டு. அதைத் தட்டிவிட்டால், பேரினவாதிகளும் தமிழினவாதிகளும் ஒரே நாளில் கொண்டாடுவார்கள்.

தோழமையோடு விமர்சிப்பது நம் மரபுக்குப் புதிதன்று. ரோசா லக்சம்பர்க் 1897இல் சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் பெர்லின் பள்ளியில் அரசியல் பொருளாதாரம் கற்பித்தவர். 1914 ஆகஸ்டில் அவரது கட்சி போர்க் கடனுக்கு வாக்களித்தபோது, அவர் கட்சி ஒழுங்கின் பெயரால் வாய்மூடி இருக்கவில்லை. சிறைக்குச் சென்றார், 1919இல் உயிரையும் கொடுத்தார். அதே ரோசா தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையில் தவறியபோது, லெனின் தயவின்றி மறுத்தெழுதினார். அந்த மறுப்பால் ரோசா மீதான அவரது மதிப்பு குறையவில்லை. கட்சியின் தவற்றை எதிர்த்த ரோசாவும், ரோசாவின் தவற்றை எதிர்த்த லெனினும் நமக்கு ஒரே பாடத்தைத்தான் விட்டுச் சென்றனர்.

இறுதியாக ஒரு சொல், இந்த எல்லையோர ஊரிலிருந்து. 1956இல் இலங்கை ஒரு மொழியை மட்டும் அரியணையில் ஏற்றியது. அதே 1956இல் இந்தியாவில் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. அதற்காகப் போராடியவர்களுள் கம்யூனிஸ்டுகள் முன்வரிசையில் இருந்தனர். 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. நாராயணவனம் ஆந்திரத்தில் நின்றது. இங்கே தமிழ்ப் பள்ளிக்கும் தமிழ் ஆசிரியருக்கும் மனு எழுதும் வேலை இன்றும் எங்களுக்கு உண்டு. ஆனால் அந்த மனுவில் தெலுங்குத் தோழர்களும் கையெழுத்திடுகிறார்கள். மொழி உரிமையை உறுதிசெய்தால் உழைப்பாளர் ஒற்றுமை உடையாது, உறுதிப்படும் என்பதை நாங்கள் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆகவே என்னிடம் கேட்ட தோழருக்குச் சொன்னேன்: வாழ்த்தினோம், தவறில்லை. இப்போது கேட்போம். மாற்றுச் சட்டம் ஏதுமின்றிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குக. மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்க. தோட்டக் கூலி உயர்வை முழுவதும் கம்பெனிகளே தரச் செய்க. 2012இல் கேட்ட 6 விழுக்காட்டுக்கு ஆண்டுவாரியாக ஒரு திட்டத்தை வெளியிடுக. நான்கும் ஹரிணியும் அவரது தோழர்களும் ஏற்றுக்கொண்ட கொள்கைகளிலிருந்தே பிறந்தவை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி மேல்குழுவுக்கு அனுப்புவது என்று முடிவாகியுள்ளது. முன்மொழிபவர் அந்தத் தறித் தோழரே.