எந்த மாவட்டத்துக் கதவைத் தட்டுவது?

அம்பத்தூரில் மழைநீர் வடிந்த மூன்றாம் நாள். அரிசிப் பையை வாங்கிக்கொண்ட ஒரு பெண் நகராமல் நிற்கிறாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். வீட்டில் அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அமைப்பின் நிவாரணப் பணியாளர் அவளை எங்கே அனுப்புவார்?

அவள் தெரு சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலத்தில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம், இப்போது சென்னை மாவட்டம். காவல் நிலையமோ 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி ஆணையரகத்தின் கீழ். அவளே ஆவடியில் குடியிருந்தால் திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லியும் அப்படித்தான். ஆனால் பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மாங்காட்டில் இறங்கினால் காஞ்சிபுரம் மாவட்டம். ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் நலக் குழு, சமூக நல அலுவலகம் எல்லாமே மாவட்டக் கணக்கில்தான் இயங்குகின்றன. தவறான வாசலில் போய் நின்றவளை "இது எங்க ஏரியா இல்லம்மா" என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால் போதும், அவள் இரண்டாம் முறை வரமாட்டாள்.

நமது துறையின் பயிற்சிகளில் பாதுகாப்புப் பொறுப்புக்கு ஒரு காலைப் பொழுது கிடைக்கிறது, உளசமூக ஆதரவுக்கு ஒரு பிற்பகல் கிடைக்கிறது. ரெஃபரல் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளப்பட்டு, ஒரு எண் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. இந்த முறையை மாற்ற வேண்டும் என்பதே இவ்விதழின் உறுதியான கருத்து. போய்ச் சேரும் இடம் தெரியாதவரிடம் ஒருவரின் துயரத்தைத் திறக்கும் திறமையை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து.

2004 சுனாமிக்குப் பின் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். வெளியூர்களிலிருந்து குழு குழுவாக வந்தவர்கள் அதே பிள்ளைகளிடம் அதே அலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், பிறகு போய்விட்டார்கள். அதே கரையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊரிலேயே இருக்கப்போகும் சமூகப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் தேர்ந்து பயிற்றுவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், இணை என்று மூன்றே வேலைகளைத்தான் சொல்கிறது. நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. முதல் இரண்டையும் நாம் ஓரளவு கற்றுவிட்டோம். மூன்றாவதில்தான் தடுமாறுகிறோம்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்தார்கள். சமூகத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஆபத்தில் இருந்தவர்களை விடாமல் போய்ப் பார்த்தார்கள். மனம் உடையும் நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத முகாமோடு ஒப்பிட்டபோது தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. திரும்பத் திரும்பப் போன கால்களும் அந்த ஒரு அட்டையும்தான் அங்கே மருந்து.

ஆகவே ரெஃபரல் பயிற்சியை அரங்கத்துக்கு வெளியே நடத்துங்கள். பணியாளர்கள் தங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் வரட்டும். எத்தனை மணிக்குத் திறந்திருக்கிறது, குழந்தையோடு வருபவள் இரவு தங்கலாமா, அங்கே இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்று நேரில் கேட்டு வரட்டும். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்க்கட்டும். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழில் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. 14416-இல் வேறு இந்திய மொழிகளிலும் பேச முடியும் என்பது களத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லைப் பிரச்சினைக்குச் சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். இதைச் சொல்லிக்கொண்டு கூடவே போய் நிற்கும் ஒருவர் இருந்தால் அவள் பாதி வழியில் திரும்பமாட்டாள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இன்றும் ஆயிரக்கணக்கானோருக்குத் துணை. ஆனால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது நம் தெருக்களில் வசைச்சொல். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் வருபவர் காதில் அந்த வசைதான் விழும். தூக்கமில்லை, பசியில்லை என்று அவர் சொல்லும் சொல்லிலேயே தொடங்கி, அருகிலுள்ள அரசு மருத்துவமனை வரை கூட நடந்து பழக வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். 2002-இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உணவுக்கு ஈடாக உதவிப் பணியாளர்களே சிறுமிகளைச் சுரண்டியதாக வந்த அறிக்கை உலகை உலுக்கியது. மறு ஆண்டே ஐ.நா. பொதுச்செயலர் அதைத் தடைசெய்யும் விதிகளை வெளியிட்டார். அது எங்கோ நடந்தது என்று நாம் ஒதுங்க முடியாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரமும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, புகார் தரும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பணியின் பொருட்டு ஊழியர் போகும் இடமும் பணியிடமே. அதாவது நிவாரண வரிசையில் நிற்கும் பெண்ணும் உங்கள் ஊழியர் மீது உங்கள் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான அமைப்பென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இதை அந்த வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லும் ஒரு தட்டியாவது உங்கள் முகாமில் தொங்குகிறதா?

குழந்தை விஷயத்தில் இன்னொரு கண்டிப்பு. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை கேட்கும்போது இளகிச் சத்தியம் செய்துவிடுகிறோம். பிள்ளை சொல்வது பாலியல் குற்றமென்றால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அந்தச் சத்தியத்தை அனுமதிக்கவில்லை. தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. "உனக்கு உதவி செய்ய வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு பணியாளரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். வயதுவந்த பெண்ணிடம் நிலைமை வேறு. அங்கே எதைச் செய்வது என்ற முடிவு அவளுடையது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் சோறு பரிமாறிய தன்னார்வலர்களில் பலர் தம் வீட்டிலும் தண்ணீர் புகுந்தவர்கள். கேட்ட கதைகளை அவர்கள் இறக்கி வைக்க ஒரு மூத்தவர், வாரம் ஒரு மணி நேரம், பயிற்சிக்குப் பின் ஆறு மாதம் வரை இருக்க வேண்டும். நன்கொடையாளரிடம் பட்ஜெட் கேட்கும்போது இதையும் எழுதிக் கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் ரெஃபரல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவரை அனுப்புங்கள். அம்பத்தூருக்கு ஒன்று, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஒன்று, மாங்காட்டுப் பக்கத்துக்கு ஒன்று என மாவட்டவாரியாகப் பிரித்து எழுதி, அந்த மூன்று தாள்களையும் பக்கத்து அமைப்புக்கும் ஒரு படி கொடுங்கள்.