வீட்டில் இருந்தால் வேலை ஓடுமா? கேள்வி கம்ப்யூட்டர்காரருக்கு... பதில் ஆரணி தறியில்!

திருவண்ணாமலை:

லேப்டாப்பை திறந்து வைத்து வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா? 2020 மார்ச் ஊரடங்கில் ஐ.டி. பிள்ளைகள் ஊர் திரும்பியபோது பெரியவர்கள் பலருக்கும் வந்த சந்தேகம் இது. கொஞ்ச நாளில் முதலாளிகளுக்கும் அதே சந்தேகம் வந்து விட்டது.

2025-க்குள் 25 சதவீத ஊழியர்கள் ஆபீசுக்கு வந்தாலே போதும் என்று 2020-ல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் 5 நாளும் வரச்சொல்லி விட்டது. இன்போசிஸ், விப்ரோவும் பிடியை இறுக்கின.

சரி, வீட்டில் வேலை உண்மையிலேயே குறைகிறதா? சென்னையிலேயே இதை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, யாருக்கு வீடு, யாருக்கு ஆபீஸ் என்று குலுக்கல் போல பிரித்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்து போனது. மீதி, ஆபீசில் இருந்தவர்கள் சீக்கிரம் தொழில் கற்றுக்கொண்டதால் வந்த வித்தியாசம்.

வீடுதான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கே சரிவு அதிகம். கைக்குழந்தை, வீட்டில் பார்க்க வேண்டிய பெரியவர்கள், வறுமை என்று கட்டுப்பட்டவர்களிடம் இது கூடுதலாக தெரிந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கீ-போர்டு என்றால் வேகம் எங்கே வரும்? இதை சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

சீனாவில் நடந்த கதை வேறு. சி-ட்ரிப் என்ற டிராவல்ஸ் கம்பெனி, கால் சென்டர் ஊழியர்களை 9 மாதம் வீட்டில் உட்கார வைத்தது. வேலை 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் லீவும் குறைந்ததே முக்கிய காரணம். தனி அறை இருந்தவர்களைத்தான் அங்கே சேர்த்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. இன்னொரு சங்கதி, அதே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்கு பதவி உயர்வு குறைந்தது. கண்ணில் படாதவன் கணக்கில் வரமாட்டான் போலிருக்கிறது.

நம்ம ஜில்லாவுக்கு இது புதுசே இல்லை. ஆரணியில் தலைமுறை தலைமுறையாக வீடுதான் பட்டறை. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார். வீட்டுக்காரர் குழித்தறியில் இறங்குவார், வீட்டம்மா தார் சுற்றுவார். இத்தனை மணிக்கு உட்கார்ந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. சேலை முடிந்தால் கூலி. அங்கே 'சும்மா இருக்கிறானோ' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐ.டி. முதலாளிகளோ மணிக்கணக்குக்கு சம்பளம் கொடுத்து பழகியவர்கள். அதனால்தான் ஆளை கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக தறிக்காரர் பாடு சுகம் என்று அர்த்தமில்லை. இடம் அவருடையது, கரண்டு பில் அவருடையது. சேலை நெய்ய வீட்டம்மா உழைத்த உழைப்புக்கு தனிக்கூலி கிடையாது. ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்ற நாளுக்கு சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.