விருந்தினருக்கு மண்டபம், வீட்டாருக்கு மூலையா?

வீட்டில் ஓர் அறையை மாற்றியமைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் நம்மவர் முதலில் நாடுவது வர்ணப்பூச்சு விற்கும் கடையை. அடுத்து நாடுவது தளபாடக் கடையை. இவ்விரண்டிற்கும் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வறையில் யார், எந்த நேரத்தில், என்ன செய்கிறார்? இதற்கு விடை காணாதவன் பணத்தைச் செலவிட்டும் பழைய இடர்ப்பாட்டையே புதுப்பித்துக் கொள்கிறான்.

மாங்குளத்திலும் அயற்கிராமங்களிலும் இக்கேள்விக்கு இன்று ஒரு தனி அவசரம் ஏற்பட்டிருக்கிறது. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்தபின் மக்கள் வெறுங்கையுடன் மீண்டனர். 2012 ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ் வன்னியிற் பல குடும்பங்கள் 550,000 ரூபா உதவி பெற்று, தாமே முன்னின்று வீடு கட்டின. ஏறக்குறைய 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. அன்று கைக்குழந்தையாய் அவ்வீடுகளிற் குடிபுகுந்த பிள்ளை இன்று பரீட்சைக்குப் படிக்கிறது. அன்று நடமாடித் திரிந்த ஆச்சி இன்று கட்டிலோடு இருக்கிறார். மனிதர் வளர்ந்தனர், முதிர்ந்தனர். வீடு மட்டும் அன்றிருந்த அளவிலேயே நிற்கிறது.

அவ்வீட்டின் நல்ல காற்றும் வெளிச்சமும் யாருக்குக் கிடைக்கின்றன? முன்மண்டபத்தில் மெத்தைக் கதிரைகளும் கண்ணாடி அலுமாரியும் வீற்றிருக்கும். மாதத்துக்கொருமுறை வரும் விருந்தினருக்காக அவை காத்திருக்க, பிள்ளை குசினிப் புகையருகே புத்தகம் விரிக்கிறது. ஆச்சி மேற்குப்புற அறையில் வெந்துகொண்டிருக்கிறார். விருந்தோம்பல் நமது பண்பு, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் வருகின்றவர் விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்த மாட்டாரா?

இனி, வெயிலின் போக்கை அறிவோம். மாங்குளம் வட அகலக்கோடு 9 பாகையை அண்டியது. ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே சரிந்து விழும். மேற்குச் சுவரோ பிற்பகல் வெப்பத்தை வாங்கி வைத்து, இரவிலே அறைக்குள் விடும். எனவே கட்டிலை அச்சுவரிலிருந்து விலக்கி, அங்கே அலுமாரியை நிறுத்துக. புறத்தே ஒரு கிடுகுத் தட்டியோ, நிழல் மரமோ இருப்பின் மேலும் நலம். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுவன. ஆனால் ஒரே யன்னல் உள்ள அறையிற் காற்று நுழைய விரும்பாது. போவதற்கும் வழி வேண்டும். எதிர்ச்சுவரின் மேற்பகுதியிற் பூக்கற்கள் சில பதித்தாலும் வேறுபாடு தெரியும்.

அடுத்து, ஒரு கட்டத்தாளை எடுங்கள். ஓரடிக்கு ஒரு கட்டமென அறையை வரைந்து, கதவு, யன்னல்களைக் குறியுங்கள். கட்டில் 6க்கு 3, மேசை 4க்கு 2, அலுமாரி 4க்கு 2 எனக் கடதாசியில் வெட்டி, அதன்மேல் நகர்த்திப் பாருங்கள். பத்தடிச் சதுர அறையில் இம்மூன்றும் அடைப்பது நூற்றில் 34 கட்டங்கள்தாம். கதவு திறந்து மூட இடம் விட்டு, நடப்பதற்கு இரண்டரை அடியும் ஒதுக்குக. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறமிருந்து வெளிச்சம் வருமாறு மேசையை இடுக. கடதாசியை நகர்த்தக் காசில்லை; சுவரை இடித்தபின் வருந்துவதாற் பயனில்லை.

புதிதாக யன்னல் வெட்டுவதாயின், கூரையின் பாரம் எச்சுவரில் இறங்குகிறதென்று அனுபவமுள்ள மேசனிடம் கேட்டறிந்த பின்பே கைவைக்க வேண்டும். யன்னலுக்கு மேலே பாரந்தாங்கும் கொங்கிறீற்றுச் சட்டம் இன்றியமையாதது. கூரைத்தகடு அஸ்பெஸ்டஸ் ஆயின் அதனை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசி சுவாசப்பைக்குக் கேடு.

இறுதியாக ஒன்று. திட்டத்தை ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானியாதிருப்பது நன்று. ஆச்சியையும் கேளுங்கள். வாசற்படலை தெரியும்படி கட்டிலைப் போட்டால் போதும், வருவோர் போவோர் முகத்தைக் காணலாம் என்பதே அவர் விருப்பமாக இருக்கலாம். பிள்ளையையும் கேளுங்கள். தொலைக்காட்சியை அப்பால் வைத்தாற் போதும் என்று அது சொல்லக்கூடும். இவற்றுக்குச் செலவு யாது? வீட்டின் சிறந்த இடம் அதில் நாள்முழுதும் வாழ்பவருக்கே உரியது. அந்த உரிமையைக் கொடுத்தபின் வர்ணம் பூசுவோம்.