டெக்சாஸ்காரனுக்கு இருந்த கணக்கு

சித்திரை வெயிலில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். வேப்பமர நிழலிலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் ஜெர்சி கலப்பினப் பசுக்கள் கண்ணில் படும்.

அமெரிக்காவில் நடந்தது நேர் தலைகீழ். டெக்சாஸ் கிங் பண்ணையின் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு அந்த ஊர் வெயிலும் உண்ணியும் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மூர்த் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் காளையைச் சேர்த்தார்கள். 1920-ல் பிறந்த 'மங்கி' என்ற காளையின் வாரிசுகளை வைத்து, எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன் என்று கணக்காக நிலைநிறுத்தினார்கள். 1940-ல் 'சாண்டா கெர்ட்ரூடிஸ்' தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

அவன் வெயில் தாங்கும் ரத்தத்தைத் தேடி வந்தான். நாமோ வெயில் தாங்கும் மாட்டுக்குக் குளிர்தேசத்து ரத்தத்தை ஏற்றினோம். லிட்டர் ஒன்றுதான் நமக்குக் கணக்கு!

ஜெர்சியைத் திட்டாதீர்கள். சொசைட்டிப் பால் காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அம்மாக்கள் ஏராளம். என் கேள்வி வேறு. சினை ஊசி போடும்போது, அந்த மாட்டில் ஏற்கெனவே எத்தனை பங்கு வெளிநாட்டு ரத்தம் ஓடுகிறது என்று யாராவது பார்க்கிறார்களா? எத்தனை கொட்டகையில் அதற்கு ஒரு சீட்டு இருக்கிறது? கணக்கில்லாமல் தலைமுறை தலைமுறையாக ஊசி போட்டால் அது சூதாட்டம் சார். பணயமாக வைக்கப்படுவது அந்த அம்மாவின் ஒரே மாடு.