பெற்றோருக்குப் பின் யார்?

நம் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் தகப்பனும் இரவில் தூக்கமின்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கீழவைப்பார் கரையில் வலை இழுப்பவராயினும், உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணாயினும், கோவில்பட்டி ஆலைத் தொழிலாளியாயினும், விளாத்திகுளம் கரிசல் காட்டில் கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளியாயினும் கேள்வி ஒன்றுதான். ஆனால் பதில் ஒன்றாக இல்லை. கையில் காசுள்ளவருக்கு ஒரு பதில், உழைத்துப் பிழைப்பவருக்கு வேறொரு பதில். இது நியாயமா?

ஆட்டிசம் பேயுமல்ல, சாபமுமல்ல. பெற்றோர் செய்த பாவமுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு அது. சில பிள்ளைகள் பேசத் தாமதிப்பார்கள்; சிலர் பேசாமலே இருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். இரைச்சலைத் தாங்க மாட்டார்கள். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மருந்தால் மாறும் நோயல்ல இது. ஆயினும் சிறு வயதிலேயே கண்டறிந்து, பொறுமையோடு பழக்கினால் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். வேப்பிலை அடிப்பதும், நேர்ச்சைக்காகக் கடன் வாங்குவதும் பிள்ளைக்கு உதவாது, வட்டிக்காரனுக்குத்தான் உதவும்.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்த நிலை உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பட்டியலில் முதல் பிள்ளை டொனால்டு டிரிப்ளெட். மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 1937-ல், நாலு வயது நிரம்புமுன்பே, அவரை ஒரு விடுதியில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு யோசனை கூறப்பட்டது. விட்டார்கள். ஆனால் மனம் பொறுக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் திரும்ப அழைத்து வந்தார்கள். தகப்பன் மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு டாக்டர் கானரிடம் போனார். பின்னர் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் சில காலம் விட்டார்கள். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் அந்தப் பையனை அவர்கள் அதட்டவில்லை; ஏர் ஓட்டிக்கொண்டே சோள வரிசைகளை எண்ணு என்றார்கள். அவன் ஏரும் ஓட்டினான், எண்ணவும் செய்தான். படித்தான், பட்டம் பெற்றான், கார் ஓட்டினான், ஊர் பாங்கியில் வேலை பார்த்தான். 2023 ஜூனில் தமது 89-வது வயதில் காலமானார்.

மகிழ வேண்டிய கதைதான். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்தத் தகப்பன் வக்கீல். அந்த ஊர் பாங்கி தாயின் குடும்பத்துக்குச் சொந்தம். பாங்கி உள்ளவர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வேலை கிடைத்தது. தோணியில் பங்குக்குப் போகிறவரின் பிள்ளைக்கு எது கிடைக்கும்?

சொத்தில்லாத பெற்றோர் கண்ட வழி சங்கம்தான். அன்பில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று நிபுணர்கள் பலர் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய காலம் உண்டு. 1964-ல் ஒரு நூல் எழுதி அந்தப் பழியை முறியடித்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். மனோதத்துவ அறிஞர், அத்தகைய பிள்ளையின் தகப்பனும்கூட. 1962-ல் இங்கிலாந்திலும் 1965-ல் அமெரிக்காவிலும் பெற்றோர் சங்கம் அமைத்தார்கள். ஊனமுற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக் கதவைத் திறக்கும் சட்டம் அமெரிக்காவில் 1975-ல்தான் வந்தது.

நம் நாட்டில் நடந்ததென்ன? 1995-ல் சர்க்கார் கொண்டுவந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைகளைக் கூறியது. ஆட்டிசம் அதில் இல்லை. பட்டியலில் பெயரில்லாத பிள்ளைக்குச் சலுகை ஏது? ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-ல் டில்லியில் தொடங்கிய ஸ்தாபனமும் மற்றப் பெற்றோரும் விடாமல் வாதாடினார்கள். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெற்றது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் அது சேர்ந்தது. இவை யாரும் இரங்கி வழங்கிய பிச்சையல்ல. பெற்றோர் போராடிப் பெற்றவை.

ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் கீழவைப்பாருக்கு வந்து சேர வேண்டாமா? குறை 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது சட்டம். சொல்லிக் கொடுக்கும் சிறப்பாசிரியரோ தொகுப்பூதியத்தில், நாளை வேலை உண்டா என்ற கவலையில் இருக்கிறார். சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. ஒரு சான்றிதழுக்காகத் தூத்துக்குடிக்குப் பிள்ளையோடு பஸ்ஸில் போகும் தாய்க்கு அன்றைய கூலி போகிறது. "டாக்டர் இல்லை, நாளை வா" என்றால் மறுநாள் கூலியும் போகிறது.

18 வயது ஆனதும் நிலைமை இன்னும் கடுமை. பள்ளிக் கதவு மூடுகிறது. பெற்றவர்களே ஆனாலும், மகனுக்காகக் கையெழுத்திடக் கலெக்டர் தலைமையிலான கமிட்டியிடம் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டும். சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அந்த ஒரு சதவீதத்தையும் வேறு பல வகைக் குறையுடையவர்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தில், தொழிலாளியின் சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியுள்ள மனவளர்ச்சிக் குறையுடைய பிள்ளைக்கு, வயது எத்தனையானாலும் வைத்திய உரிமை உண்டு. வருங்கால வைப்பு நிதியின் 1995-ம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்குத் தொழிலாளியின் மறைவுக்குப் பின் வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. பிள்ளையின் பெயரும் சான்றிதழும் பதிவில் சரியாக உள்ளனவா என்று இன்றே பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத முதலாளி, அவருடைய சலுகையை மட்டும் பறிக்கவில்லை; அவர் பிள்ளையின் ஆயுட்கால ஆதரவையும் பறிக்கிறார்.

விவசாயத் தொழிலாளிக்கும், உப்பளத் தொழிலாளிக்கும், மீனவருக்கும் இந்தப் பாதுகாப்பும் இல்லை. மிஞ்சுவது மாத உதவித்தொகை. 2024 ஜூலையில் ஆந்திர சர்க்கார் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையை 3000 ரூபாயிலிருந்து 6000 ரூபாயாக உயர்த்தியது. அந்த வேளையில் தமிழ்நாட்டில் அறிவுத்திறன் குறைபாடுடையோருக்குக் கிடைத்தது 2000 ரூபாய். மத்திய சர்க்கார் 2012-ல் நிர்ணயித்த தன் பங்கு 300 ரூபாய். அதுவும் 80 சதவீதக் குறை இருந்தால்தான்! பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வீட்டிலிருக்கும் தாய் இழக்கும் கூலிக்கு இது எந்த மூலை?

ஆகவே நாம் கோருவது இது. சான்றிதழ் வழங்கும் டாக்டர் குழு கடற்கரைக் கிராமங்களுக்கு வர வேண்டும். சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். 18 வயது தாண்டியவர்களுக்குத் தாலுகா தோறும் பகல்நேரத் தொழிற்பயிற்சி நிலையம் வேண்டும். பெற்றோருக்குப் பின் தங்க, சர்க்கார் பொறுப்பில் கண்ணியமான இல்லம் வேண்டும். ஆந்திரம் தரும் தொகையைத் தமிழ்நாடும் தர வேண்டும். பராமரிக்கும் தாயின் உழைப்புக்கும் ஊதியம் வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதைத் தனி வீட்டுத் துயரமென்று ஒதுக்கிவிடக் கூடாது. கூலி உயர்வோடு இந்தக் கோரிக்கைகளும் நமது மகஜரில் ஏற வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாயையும் தகப்பனையும் அழையுங்கள். பிள்ளையோடு வரச் சொல்லுங்கள். "எங்களுக்குப் பின் யார்?" என்ற அவர்களது கேள்விக்கு, "நாங்கள் இருக்கிறோம்" என்று சங்கம் சொல்லட்டும், சர்க்காரையும் சொல்ல வைக்கட்டும்.