முதல் வாரத்தில் யார் ஊரைக் காட்டுவது?

சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உதவித்தொகை வந்ததா, விசா கிடைத்ததா, போன ஊரில் அறை கிடைத்ததா என்று தினமும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. யாழ்ப்பாணம், கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் பரதநாட்டியமும் கர்நாடக இசையும் கற்கச் சென்னைக்கு வருகிறார்கள். இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றத்தின் உதவித்தொகையில் சிலர் வருகிறார்கள். பெற்றோர் சேர்த்த பணத்தில் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சென்னைதான் வெளிநாடு, சென்னைதான் பெருநகரம்.

அந்த முதல் வாரத்தில் அவர்களுக்கு யார் ஊரைக் காட்டுகிறார்கள்? சின்னக் கேள்வி போலத் தெரியலாம். ஆனால் அவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியதும் முதலில் செய்வது ஒரு நடனப் பள்ளி தொடங்குவது. இங்கே எதைக் கலை என்று கற்றார்களோ, யாரைக் கலைஞர் என்று கற்றார்களோ, அதைத்தான் அங்கே ஐம்பது குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சாதி எப்படிக் கடல் தாண்டிப் போனது என்று அப்போது பலர் வியந்தார்கள். விமானத்தில்தான் போனது. பட்டுப்புடவை, சலங்கையோடு அதே பெட்டியில் போனது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க. விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் சில நாட்களிலேயே இடம் மாறினார் என்று படித்திருப்பீர்கள். சாப்பாடுதான் சிக்கல். யாரும் அவரிடம் நீ யார் என்று கேட்கவில்லை. தீண்டத்தகாதவன் என்ற நினைவையே வெளிநாட்டு வாழ்க்கை தன்னிடமிருந்து துடைத்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். 1917இல் பரோடாவுக்குத் திரும்பியபோது பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். வெளிநாடு போன அந்த மாணவருக்குச் சாதி கொஞ்ச காலம் மறந்துபோனது. இன்று வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் கலை மாணவருக்கு நடப்பது இதற்குத் தலைகீழ். அதுவரை பெயரளவில் மட்டும் தெரிந்த ஒன்றை அவர் இங்கே வந்துதான் தெரிந்துகொள்கிறார்.

அறை தேடும்போதே அது தொடங்கிவிடுகிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ தி.நகரிலோ வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'சைவம் மட்டும்' என்ற அறிவிப்பின் அர்த்தம் கத்திரிக்காய் அல்ல என்று நமக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணுக்கு அது தெரியாது. முட்டைகூடச் சமைக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுப்பார். அடுத்த கேள்வி வரும்: "உங்க பூர்வீகம் எதும்மா?" பினாங்கு என்பார். "அது இல்லம்மா, இங்க." அவருடைய கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பல் ஏறியவர் என்பது தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கலாம் என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றுவது அந்தத் தரகரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான். மலையகத்திலிருந்து வருகிறவருக்கும் இதேதான். வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தால் இந்தக் கேள்வி கிடையாது. அவருக்குப் பூர்வீகம் தேவையில்லை.

இதில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. 1960களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் ஹிக்கின்ஸ் டி.விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார். திருவையாற்றில் பாடினார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று ஊரே கொண்டாடியது. நன்றாகத்தான் பாடினார், கொண்டாடட்டும். கடல் தாண்டி வந்தவரைப் பாகவதராக ஏற்க முடிந்த சபாக்களுக்கு, தங்கள் மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தைச் செய்தவரின் மகனை அதே மேடையில் உட்காரவைக்க ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

மிருதங்கத்தை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சொற்கட்டு, தாளம், நடை எல்லாம் வரும். அது எதனால் ஆனது என்ற பாடம் வருவதில்லை. பலாமரக் கட்டை. அதன்மேல் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். வலது பக்கத்தின் கறுப்பு வட்டம் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டிச் சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். எந்த மாட்டின் தோல், அதன் எந்தப் பகுதி, எவ்வளவு கனம் என்பதைக் கையால் தடவியே சொல்கிறவர்கள் இதைச் செய்கிறார்கள். பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். சுருதி சேரவில்லை என்று வித்வான் திருப்பிக் கொடுத்தால் தோலை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள். அந்தக் காதும் இசைக் காதுதான்.

பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து. தஞ்சாவூர் செபாஸ்டியனின் மகன். மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. பர்லாந்துவின் பெயரை நம்மில் எத்தனை பேர் 2020க்கு முன் கேட்டிருக்கிறோம்? அந்த ஆண்டுதான் டி.எம்.கிருஷ்ணா இந்த மிருதங்கக் குடும்பங்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் வந்தது. இதையும் ஒரு பார்ப்பனக் கலைஞர் எழுதித்தான் ஊர் திரும்பிப் பார்த்தது என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனால் அவர் எழுதினார், நாம் எழுதவில்லை.

புத்தகத்தைக் கலாக்ஷேத்ராவில் வெளியிட ஏற்பாடு ஆகியிருந்தது. முதலில் அனுமதி கொடுத்தார்கள். மாட்டுத்தோல் பற்றிய பகுதி செய்தித்தாளில் வந்ததும், நிகழ்ச்சிக்குச் சில நாட்களே இருந்தபோது, அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அரசு நிறுவனம் என்பதால் சமூக நல்லிணக்கத்தைக் குலைக்கும் நிகழ்ச்சிக்கு இடம் தர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2020 பிப்ரவரி 2 அன்று தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் வெளியீடு நடந்தது. தோழர் தொல்.திருமாவளவன் கலந்துகொண்டார்.

யோசித்துப் பாருங்கள். தோலால் ஆன வாத்தியம் அந்த வளாகத்துக்குள் தினமும் ஒலிக்கிறது. ஆடுகிறவர் காலில் கட்டும் சலங்கையின் மணிகளையும் தோல் பட்டையில்தான் கோத்துத் தைக்கிறார்கள், அதைக் கும்பிட்டுத்தான் கட்டிக்கொள்கிறார்கள். தோல் உள்ளே வரலாம். தோலைப் பற்றிய புத்தகம் வரக் கூடாது.

"கலைக்கு ஏது சாதி?" என்று யாராவது இந்தக் கட்டுரைக்குக் கீழே எழுதுவார்கள், வழக்கமாக எழுதுகிறவர்கள்தான். சதிர் என்று இருந்ததைப் பரதநாட்டியம் ஆக்கிய 1930களின் கதையை அவர்களே படித்துக்கொள்ளட்டும். அதை ஆடிக் காப்பாற்றிய பெண்கள் ஒதுக்கப்பட்டு, புதிய குடும்பங்களின் பெண்கள் மேடை ஏறிய வரலாறு எழுதப்பட்டே இருக்கிறது. 2024 மார்ச்சில் கேரளத்தில் ஒரு மோகினியாட்டக் கலைஞர், தலித் கலைஞர் ஆர்.எல்.வி.ராமகிருஷ்ணனின் நிறத்தைக் காக்கையோடு ஒப்பிட்டுப் பேசியதும் ஊர் அறிந்தது. 2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைக்கு எதிராக வளாகத்திலேயே உட்கார்ந்து போராடியபோது, நிறத்தையும் உடலையும் சாதியையும் வைத்து ஏளனம் செய்வதாகவும் புகார் சொன்னார்கள். புதிதாக வருகிற மாணவருக்குத் தனக்கு முன் அங்கே படித்தவர்கள் இதற்காகப் போராடினார்கள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகம் சொல்லாது. மூத்த மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு எதிர்க்கேள்வி நம் பக்கத்திலிருந்தே வரும். நம் பிள்ளைகளுக்கே ஆயிரம் பிரச்சினை, வசதியோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு வழிகாட்டுவதா நம் வேலை என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் சபாக்காரர் பேசுகிறார், வீட்டுக்காரர் பேசுகிறார், குரு பேசுகிறார். நாம் மட்டும் பேசாமல் இருந்தால் அவர் எடுத்துப்போகும் சென்னையில் நாம் இருக்க மாட்டோம். அதோடு, அந்த ரப்பர் தோட்டத்துக் கொள்ளுப்பேத்தி நம் பிள்ளை இல்லை என்று யார் சொன்னது?

காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதே தெருக்கள்தான் இருக்கின்றன. கலாக்ஷேத்ரா 1936இல் அடையாறு பிரம்மஞான சபையில் தொடங்கியது, இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதே சபையின் ஆல்காட் 1894இல் ஊரூர் பக்கத்தில் 'பஞ்சமர்' குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஆல்காட்டோடுதான் பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அங்கிருந்துதான் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிட நெருக்கமான சென்னைக் கதை எது? மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து இராயப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அறுபத்துமூவர் தெரியாமல் ஒரு கலை மாணவர் மயிலாப்பூரை விட்டுப் போவதில்லை, அயோத்திதாசர் தெரியாமல் எல்லோரும் போய்விடுகிறார்கள்.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கலாம். அரசு இசைக் கல்லூரி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அண்ணலின் மணிமண்டபமும் அதே சாலையில். கல்லூரியில் வந்து பாடிவிட்டுப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் மணிமண்டபத்துக்குள் போனதுண்டா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022இல் வீடுகளை இடித்தார்கள். அந்த மே மாதம் அறுபது வயதுக்காரர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். ரயில் ஜன்னலிலிருந்து அழகாகத் தெரிகிற தண்ணீர் அது. இங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவது பல ஆண்டுப் பழக்கம். அவர்களோடு அவர்கள் பாட்டும் தாளமும் போய்விட்டன. பிறகு இந்தப் பக்கத்தில் கலை என்றால் சபா மட்டும் என்று ஆகிவிடுகிறது.

பறையைப் பற்றி இங்கே நீளமாக எழுதவில்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் போராட்டம், விடுதலையின் இசையாக எடுத்து அடித்ததும் நம் போராட்டம். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் வெளிநாட்டு மாணவர் கையில் பறையைக் கொடுத்துப் படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. புத்தர் கலைக்குழுவினரிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அந்த வரலாற்றோடு கற்றுக்கொள்ளலாம்.

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கச்சேரி அழைப்பிதழிலும் அரங்கேற்ற அழைப்பிதழிலும் அலங்காரம் செய்தவர், ஒளியமைத்தவர் பெயர்கள்கூட வருகின்றன. மிருதங்கம் செய்தவர் பெயரைப் போட ஒரு வரி போதும். புது மாணவர்களைக் கோயிலுக்கும் சபாவுக்கும் அழைத்துப்போகிறார்கள் என்றால் அந்தப் பட்டியலில் ஒரு மிருதங்கப் பட்டறையையும் சேர்க்கட்டும். கல்லூரி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்னையில் படிக்கும் தோழர்களே, உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ அப்படி ஒருவர் வந்திருந்தால் முதல் சனிக்கிழமையே கூட்டிப்போங்கள். மயிலாப்பூர் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன, எந்த மிருதங்க மாணவரைக் கேட்டாலும் வழி சொல்வார். ஈரத்தோலை இழுத்துக் கட்டும்போது கேள்வி கேட்காதீர்கள், அப்போது அவர்களால் கையை எடுக்க முடியாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். டீ அவர்கள் வாங்கித் தருவார்கள், அடுத்த முறை நீங்கள் வாங்குங்கள்.