வளர்ந்துடுவான்ல?

நான் மீரட்டுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து தில்லித் தமிழ் நண்பர்கள் போன்ல ஒரே பாட்டு: "பையனுக்குப் பேட் வாங்கி அனுப்புங்க சார், பெரிய சைஸா. வளர்ந்துடுவான்ல?"

ஐயா, அது என்ன ஸ்கூல் யூனிஃபார்மா?

நானும் அந்தத் தப்பைச் செஞ்சவன்தான். பத்து வயசுப் பையனுக்கு ஃபுல் சைஸ் காஷ்மீர் வில்லோ வாங்கினேன். கனம் தாங்காம குறுக்கே இழுத்து இழுத்து அடிச்சான். நேரா ஆட வரவே இல்லை. கடைசியில பேட் பரண்ல!

இங்கிலீஷ் வில்லோ இலேசுதான், விலையும் ஜாஸ்தி. பழகுற பையனுக்கு அது கட்டாயமில்லை, அளவுதான் முக்கியம். தராசை மட்டும் நம்பாதீங்க. எடை ஒண்ணா இருந்தாலும், அடிப்பக்கம் கனமான பேட் தூக்கினா பாரமாத் தெரியும். பையனையே கூட்டிட்டு வாங்க. கைப்பிடியில மேலே வர்ற கையால மட்டும் நீட்டிப் பிடிக்கட்டும். தொங்குதா? வேணாம்.

சிக்கனத்தை எங்க பேங்க்ல காட்டுங்க சார், பிள்ளை மணிக்கட்டுல வேண்டாம்.